காய்ந்த கை

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் உப்பளங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்கிய பிறகு, கடலைப் பார்த்து ஒரு மாதா கோயிலும் எழுபது எண்பது வீடுகளுமாக எத்தனையோ ஊர்கள் உண்டு. அவற்றில் ஒன்று. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். நெத்திலி ஊறுகாயை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. இவ்வளவு ஒளிவுமறைவு எதற்கென்றால், யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவள் இதைப் படித்துவிடக் கூடாது. படித்துவிட்டு என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன். அழுதால் என்னால் தாங்க முடியாது.

நான் தூத்துக்குடியில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கொடியேற்ற நோட்டீஸ், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. இந்த ஊரில் எவன் பிறந்தாலும் செத்தாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகணும் என்று பெருமையடித்துக்கொள்வேன். “பெறந்ததுக்கு எவன் போஸ்டர் அடிக்கான்? செத்தாத்தான் ஒங்ககிட்ட வாரான்” என்பாள் என் மனைவி பிரேமா. அவள் சொல்வதும் சரிதான்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் இரண்டு பெண்கள் லேபிள் கேட்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜெயபாய். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், நாற்காலியைக் காட்டினாலும் உட்காரவில்லை. பின்னால் குட்டையாக, தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தவள் பிளாரன்ஸ், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. நான் எழுத உட்கார்ந்தது பிளாரன்ஸைப் பற்றித்தான். ஆனால் ஜெயபாய் நிற்கிற இடத்தில் பிளாரன்ஸ் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

ஜெயபாயின் புருஷன் மரியான் மஞ்சள்காமாலையில் போன பிறகு அவன் வலை போட்டுவைத்த கொட்டகை சும்மா கிடந்தது. அதற்குச் சிமெண்ட் பூசி, மகளிர் குழுவில் இருந்த ஐந்து பெண்கள் சேர்ந்து ஊறுகாய் போடத் தொடங்கியிருந்தார்கள். கரைக்கு வந்த நெத்திலியை ஏலத்தில் எடுத்து, தலை கிள்ளி அலசி, வெயிலில் ஒரு வாட்டு வாட்டி, நல்லெண்ணெயில் பொரித்து, இஞ்சி பூண்டு மிளகாய்த்தூள் வினிகர் சேர்த்துக் கையால் புரட்டுவார்கள். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும் என்பதால் கைதான்.

நாலு பேர் கை மிளகாயில் கிடக்கும்போது ஐந்தாவது ஆள் கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஊறுகாய் பூத்துப்போகும் என்பதால் வந்த ஏற்பாடு. பாட்டில் துடைப்பது, மூடி திருகுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் அவள் பாடு. அவளைக் ‘காஞ்ச கை’ என்பார்கள். மற்ற நாலு பேருக்கு மூக்கு அரித்தால் சொறிந்துவிடுவதும், கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுவதும், போன் வந்தால் எடுத்துக்கொண்டுபோய் உரியவள் காதில் வைத்துப் பிடிப்பதும்கூடக் காய்ந்த கையின் வேலை. பெரும்பாலும் அது பிளாரன்ஸ்தான். அவளுக்கு மிளகாய் ஒத்துக்கொள்ளாது, கை கொப்புளித்துவிடும்.

லேபிளில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டேன்.

“பேரு எதயாவது போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. என் மொகம் பெருசா வரணும். போன் நம்பர் அதவிடப் பெருசா வரணும்” என்றாள் ஜெயபாய், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை மேசையில் வைத்து.

“ஏம்மா, நீ ஊறுகா விக்கியா, ஓட்டு கேக்கியா?”

பிளாரன்ஸ் குலுங்கிச் சிரித்தாள். ஜெயபாய் சிரிக்கவில்லை. படத்தில் நேராக நம்மைப் பார்க்கிற பார்வை, அதே பார்வையால் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எத்தனை என்றதற்கு, பத்தாயிரமாக அடித்துக்கொண்டால் மலிவு என்று நான்தான் சொன்னேன்.

ஜெயபாய் பக்கத்துக் கடையில் மூடி பார்க்கப் போன நேரத்தில் பிளாரன்ஸ் என்னிடம் குனிந்து சொன்னாள்.

“மவனுக்காகப் போடச் சொல்லுதா அண்ணாச்சி. பெவின்னு ஒரே பய. கப்பல் வேல வாங்கித் தாரேன்னு எவனோ ஏஜெண்டு சொன்னான்னு, அப்பன் வள்ளத்து எஞ்சின வித்துக் குடுத்துட்டான். ஏஜெண்டு ஓடிட்டான். இவ தெருவே பாக்க, ‘இனி என் மொகத்துல முழிக்காத’ன்னுட்டா. அவனும் ரோசக்காரன், தோணியேறி மாலத்தீவுக்குப் போனவன் போனவன்தான். ஒரு வருசமாச்சு, ஒரு போன் இல்ல. இங்கேருந்து தோணிக்காரவ ஊறுகா கொண்டுட்டுப் போவாவல்லா, அதுல ஒண்ணு அவன் கண்ணுல படாமலா போயிரும்?”

முழிக்காதே என்று சொன்ன முகத்தைத்தான் அவள் பாட்டிலில் ஒட்டி அனுப்பப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கேலிக்காக வெட்கப்பட்டேன். எண்ணை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

ஊறுகாய் நன்றாகப் போனது. திரேஸ்புரத்தில், காயல்பட்டினத்துக் கடைகளில், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போகிற சாலையோரங்களில் எல்லாம் ஜெயபாய் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் பெரிதாக இருந்ததால் அழைப்புகளும் நிறைய. ஒவ்வொரு தடவையும் பிளாரன்ஸ் போனை அவள் காதில் வைப்பாள். ஒவ்வொரு தடவையும் ஜெயபாய், கை மசாலாவில் கிடக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு “ஜெயபாய் பேசுதேன்” என்பாள். அந்தப் பக்கம் யாரோ இரண்டு கிலோ கேட்பார்கள்.

மூன்றரை வருஷத்துக்கு முன் ஒரு முற்பகலில் பிளாரன்ஸ் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, ஜெயபாய் போயிட்டா. மசாலா பெரட்டிக்கிட்டு இருந்தவ, நெஞ்சு அடைக்குன்னா. ஆட்டோவுலயே போயிட்டா. போஸ்டர் அடிக்கணும்.”

“படம் அனுப்பும்மா.”

“ஒங்ககிட்டதான இருக்கு.”

இருந்தது. அவசரத்தில் யோசிக்காமல் அதே படத்தை எடுத்துப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அடக்கத்துக்குப் போனபோது, ஊர் முனையில் இசக்கியம்மாள் கடைச் சுவரில் என் போஸ்டர் ஒட்டியிருந்தது. கடைக்குள் அலமாரியில் ஒரு வரிசை ஊறுகாய். சுவரில் செத்துப்போனவளாக ஒரு முகம், உள்ளே வியாபாரம் செய்கிறவளாக அதே முகம், அதே புடவைக் கரை. இருபத்தைந்து வருஷமாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு மடத்தனத்தை நான் செய்ததில்லை.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள், 960 என்று தொடங்கி 47 என்று முடிகிற மாலத்தீவு எண்ணிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயரும் எண்ணும் போடுவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான்.

“அண்ணாச்சி, அந்தப் போஸ்டர் நெசந்தானா? தோணிக்காரன் ஒருத்தன் போன்ல காட்டுனான். நான் அவ மவன்.”

நிஜம்தான் என்றேன். பிறகு அவன் பேசியதை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அஞ்சு மாசம் முன்னால் ஒரு தோணியின் சமையல் பலகையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தானாம். முகத்தைப் பார்த்ததும் ரோசமெல்லாம் போய்விட்டதாம். “அன்னைக்கே கூப்பிட்டேன் அண்ணாச்சி. எடுத்தாவ. காத்துச் சத்தத்துல கொரலு சரியாக் கேக்கல. எனக்கும் பேச்சு வரல, தொண்டையச் செருமிக்கிட்டு நின்னேன். கட் ஆயிட்டு. அதுக்குப் பெறவு எப்பப் போட்டாலும் பிஸி. கூட இருக்கவன்தான் சொன்னான், ஒன் நம்பர பிளாக் பண்ணிருக்காவன்னு. வெளிநாட்டு நம்பரப் பாத்ததும் நான்தான்னு கண்டுக்கிட்டா போல. மொகத்துலதான் முழிக்கக் கூடாதுன்னு பாத்தேன், என் கொரலும் வேண்டாம்னுட்டா.”

அவன் அழுதான். எனக்கு எதுவும் விளங்கவில்லை. மகனுக்காக முகத்தையே அச்சடித்தவள் அவன் எண்ணை ஏன் அடைத்துப்போட வேண்டும்? கோபம் வந்தால் பெண்பிள்ளைகள் எதையும் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பிளாரன்ஸ் அச்சகத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். லேபிளில் முகத்தை மாற்றிவிடலாம், மிச்சம் கிடப்பதைத் தூக்கிப் போடுங்கள் என்றேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. மொகமும் நம்பரும் அப்பிடியே இருக்கட்டும். அவன் இன்னும் கூப்பிடலல்லா.”

பெவின் என்னிடம் போனில் பேசியது அவளுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம், ஊரில் தலைகாட்டும் தைரியம் வரட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சரி, இருக்கட்டும் என்றேன்.

ஜெயபாயின் போன் இப்போது பிளாரன்ஸிடம் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே ஏரலிலிருந்து ஒரு கடைக்காரர் கூப்பிட்டு, “ஜெயபாய் அக்காவா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை, அவள் செத்துப்போனாள் என்று விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் பிளாரன்ஸ், “ஆமா, ஜெயபாய் பேசுதேன்” என்றிருக்கிறாள். அடுத்த அழைப்புக்கும் அதையே சொன்னாள். பிறகு அதுவே பழகிப்போயிற்று. ஜெயபாய் மாதிரியே பேசுவதற்கு முன் லேசாக இருமுவாள். கொட்டகையில் அந்தக் குரல் கேட்டால் ஏஞ்சலின் சிலுவை போட்டுக்கொள்வாள். ஏஞ்சலின்தான் அவர்களில் இளையவள். “அந்த மாதிரிப் பேசாதிய அக்கா, பின்னால நின்னு அவுகளே பேசுத மாதிரி இருக்கு” என்று அவள் கெஞ்சியும் பிளாரன்ஸ் கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஒரு வெளிநாட்டு எண் வந்திருக்கிறது. எடுத்து இருமிவிட்டு, “ஜெயபாய் பேசுதேன்” என்றாள். அந்தப் பக்கம் ஒருவன் “அம்மா” என்றான்.

மறுநாள் காலை அவள் என் முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்தாள். “நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? ‘சொல்லு மக்கா’ன்னு சொல்லிட்டேன். வாயில வந்துட்டு. மொகத்துல முழிக்காதன்னு சொன்னத மனசுல வச்சிக்கிடாதன்னேன். சாப்பிட்டியான்னு கேட்டேன். அவ என்னென்ன கேப்பாளோ அம்புட்டும் கேட்டுட்டேன். இனி எப்பிடிப் போயி ஒங்கம்மா இல்லன்னு சொல்லுவேன்?”

அவள் போன ஒரு மணி நேரத்தில் அவனும் கூப்பிட்டான். கூட இருப்பவன் போனை வாங்கி, அந்த எண்ணில் மணியாவது அடிக்கிறதா என்று கேட்கத்தான் போட்டானாம். செத்தவள் பெயரைச் சொல்லி ஒரு குரல் வந்ததும் தன்னை அறியாமல் அம்மா என்றிருக்கிறான். பிறகு குரல் யாருடையது என்று புரிந்திருக்கிறது. “பிளாரன்ஸ் சித்தி அண்ணாச்சி. சின்னதுல எனக்குச் சோறு ஊட்டுனவ. அவ கொரல் எனக்குத் தெரியாதா? ஆனா விட மனசு வரல. தெரியாத மாதிரியே பேசிட்டேன். நீங்க சொல்லிராதிய.”

அதற்குப் பிறகு எட்டு மாதம், அந்தக் கூட்டாளியின் போனிலிருந்தே, ஞாயிறு தவறாமல் இருவரும் பேசினார்கள். அவள் செத்தவளாகப் பேசினாள், அவன் தெரியாதவனாகப் பேசினான். திங்கட்கிழமையானால் அவள் நேரிலும் அவன் போனிலுமாக இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். எனக்கோ யாரிடம் எதைச் சொல்லலாம் என்று நினைவு வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. பிரேமாவிடம் சொன்னபோது, “நீங்க ரெண்டு பேரயும் கூப்பிட்டுச் சொல்லிருங்க” என்றாள். சொல்லியிருக்கலாம்.

ஒரு மதியம் நானே லேபிள் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் உள்ளே நின்று, அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது, வகுப்புல பேசுன பிள்ளைகள நிறுத்துன மாதிரி?” என்றேன்.

அவள் திரும்பவில்லை. “தனியா இருக்கும்போது பாக்கா அண்ணாச்சி. எல்லாத்துலயும் பாக்கா. அவளுக பெறவு வந்து நேரா வச்சிருவாளுக. ஆனா சில நாளு நான் எல்லாத்தயும் திருப்பிட்டுத் தண்ணி குடிச்சிட்டு வாரதுக்குள்ள ஒண்ணு மட்டும் என்னயப் பாத்து இருக்கும்.”

நான் சிரிக்கப் பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பாட்டில் எங்களைப் பார்த்தபடிதான் இருந்தது. அவள் திருப்ப மறந்ததாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் வெளியே போய் நிற்கலாமா என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அவள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, ஒட்டாத ஒரு லேபிளை எடுத்து, அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தது. 960 என்று தொடங்கி 47 என்று முடிந்தது.

அவள் சொன்னது இது. ஜெயபாய் சாவதற்கு அஞ்சு மாசம் முன்னால், நாலு பேர் கையும் மசாலாவில் இருந்த நேரம், இந்த எண்ணிலிருந்து போன் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஊரில் ஒருத்திக்குப் போனில் பேசி வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். குழுக் கூட்டத்தில், தெரியாத வெளிநாட்டு எண் வந்தால் பேசாதீர்கள், பிளாக் பண்ணிவிடுங்கள் என்று சொல்லி, எப்படி என்றும் காட்டிக்கொடுத்திருந்தார்கள். பிளாரன்ஸ் எடுத்தாள். மூன்று தடவை ஹலோ சொன்னாள். பதிலில்லை. காற்றுச் சத்தம், யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம். கட் பண்ணினாள், சொல்லிக்கொடுத்தபடி பிளாக்கும் பண்ணினாள்.

“எப்பவும் அவ காதுல கொண்டு வைப்பேன் அண்ணாச்சி. எந்தப் போன் வந்தாலும் வைப்பேன். அன்னைக்கு மட்டும் வைக்கல. ‘யாருளா?’ன்னு கேட்டா. ‘எவனோ களவாணிப்பய, லோன் வேணுமாங்கான்’னேன். லோனுன்னு யாரும் சொல்லவே இல்ல. அது ஏன் அப்பிடிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.”

ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. எண்ணைப் பார்த்து எழுதி வைத்தாள். பிளாக்கை எடுக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டால் விஷயம் வெளியே வரும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அஞ்சு மாசம், ஒவ்வொரு தடவையும் போனைக் காதில் வைக்கும்போது ஜெயபாய் மூச்சைப் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அவள் செத்தே போனாள்.

“அது அவனா இருக்குமோ அண்ணாச்சி?”

அந்த எண் என் சட்டைப் பையில் இருந்த போனில் இருந்தது. ஜெயபாய் மகனை அடைத்துப்போடவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதைப் பெவினிடம் சொன்னால் அவன் ஆறிப்போவான். சொன்னால் பிளாரன்ஸ் என்ன ஆவாள்?

“ஆயிரம் களவாணிப்பய நாளொண்ணுக்குப் போன் போடுதான். போவியா” என்றேன்.

“நீங்க எப்பிடிச் சொல்லுவிய? அவன்தான் சொல்லணும்” என்று அவள் லேபிளைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். “வந்தான்னா கேட்டுருவேன். ஆமான்னு சொன்னாம்னா, பெறவு எனக்கு இந்தக் கையி எதுக்கு?”

எனக்குப் பயமாக இருந்தது. அவள் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

பெவின் வந்தது ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போனில் “அம்மா, நான் வாரேன்” என்றிருக்கிறான். பிளாரன்ஸ் என்னைக் கூப்பிட்டு அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, நேராக அச்சகத்துக்கு வந்து நின்றான். ஜெயபாயின் உயரம், ஜெயபாயின் பார்வை. வண்டியில் அவனை ஊருக்குக் கூட்டிப்போகிற வழியில், கொட்டகையில் என்ன காத்திருக்கிறது என்று சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. முதலில் கல்லறைக்குப் போகணும் என்றான். சிலுவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். “இங்கனயாவது மொகத்துல முழிக்கலாம்லா” என்றான். அதோடு கிளம்பிவிட்டோம்.

கொட்டகையில் மூன்று பெண்கள் கையும் மசாலாவில் இருந்தது. பிளாரன்ஸ் மூடி திருகிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஏஞ்சலின்தான் முதலில் அழுதாள், பிறகு மற்றவர்களும். ஒருத்தியாலும் கண்ணைத் துடைக்க முடியாது, கை முழுக்க மிளகாய். சிவந்த கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிளாரன்ஸ் பழக்கத்தில் துண்டை எடுத்து ஒவ்வொருத்தி முகமாகத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தைத் துடைக்க ஆளில்லை. பெவின் போய் தன் கையால் துடைத்தான்.

“மக்கா, ஒங்கம்மா…”

“தெரியும் சித்தி. மொத நாளே தெரியும். நீ பேசுனது எனக்கு வேண்டியிருந்தது.”

அவள் அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் கையை விடுவித்துக்கொண்டுபோய் டப்பாவைத் திறந்து அந்த லேபிளைக் கொண்டுவந்தாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்தப் போன், செருமல், பிளாக், லோன் என்று சொன்ன பொய், எதையும் மறைக்கவில்லை. ஏஞ்சலின் “அய்யோ அக்கா” என்றாள்.

“இது ஒன் நம்பரா மக்கா? நெசத்தச் சொல்லு. ஒங்கம்மாவுக்கு வந்த போன நான்தான் வெட்டிட்டேனா?”

பெவின் அதை வாங்கிப் பார்த்தான். உதடு அசைய ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். அம்மாவுக்குத் தன் குரல்கூட வேண்டாம் என்று இத்தனை மாதமாக நினைத்துச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு, அதைச் செய்தது யார் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் எதிரிலேயே நிற்கிறாள். அவன் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அடித்துவிடுவான் என்றே நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தேன். லேபிளைத் திருப்பி அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்தான். மறுபடி திருப்பினான்.

“இது யார் நம்பர்னே எனக்குத் தெரியல சித்தி. நான் போன் போட்டதே அம்மா போன பெறவுதான். அதுக்கு முன்னால ஒரு தடவகூட போடல. அந்தப் பாவம் என்னோடது.”

“நெசமாவா?”

“நெசமா.”

“ஒங்கம்மா மேல சத்தியமாச் சொல்லு.”

அவன் மேசையில் இருந்த ஒரு பாட்டிலின் மேல் கையை வைத்தான். உள்ளங்கை அந்த முகத்தை மூடிக்கொண்டது.

“எங்கம்மா மேல சத்தியமா.”

பிளாரன்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. மூன்று பெண்களும் மசாலாக் கையோடு அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

பெவின் வெளியே வந்தான். என் வண்டியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

“எங்கம்மா என்னய பிளாக் பண்ணல அண்ணாச்சி” என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “எங்கம்மா பண்ணல” என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த நம்பர ஒங்க போன்ல இருந்து அழிச்சிருங்க” என்றான். அவன் முன்னாலேயே அழித்தேன். ஆனால் எனக்கு அது மனப்பாடம்.

போன மாதம் லேபிள் தீர்ந்துவிட்டது என்று இருவரும் அச்சகத்துக்கு வந்தார்கள். பெவின் இப்போது ஊரோடு இருக்கிறான், கடைகளுக்கு ஊறுகாய் கொண்டுபோய்ப் போடுவது அவன்தான். பிளாரன்ஸ் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பாட்டில்களை இப்போது திருப்பி வைப்பதில்லையாம். படத்தை மாற்றட்டுமா, உன் படத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். “என் மூஞ்சியப் பாத்தா எவன் வாங்குவான்? அவளே இருக்கட்டும்” என்றாள். பத்தாயிரமே அடித்துவிடச் சொன்னாள்.

கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்று, பழையபடி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எவனோ ஒரு சவத்துப்பய நம்பரு அண்ணாச்சி. அதுக்குப்போயி ஒரு வருசத்துக்கு மேல ஒறங்காமக் கெடந்திருக்கேன் பாருங்க, நான் எவ்வளவு பெரிய கூமுட்ட!”

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெவினும் சிரித்தான். என்னைப் பார்த்தான், நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு, மேசைமேல் கிடந்த மாதிரி லேபிளைக் கவிழ்த்து வைத்தேன்.